'ஒரு பைசாத் தமிழன்' எப்படி நின்றது?

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து நாலு பக்கத்தில் ஒரு வார இதழ் வெளியானது. விலை காலணா, அதாவது ஒரு பைசா. விலையையே பெயரில் சேர்த்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று வைத்தார்கள். நடத்தியவர் க. அயோத்திதாசப் பண்டிதர்: சித்த வைத்தியர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். 1908 ஆகஸ்டில் வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914 மே 5-ல் பண்டிதர் மறைந்தார். இதழ் சிறிது காலம் தள்ளாடி நின்றது. பிறகு கோலார் தங்கவயலில் எழுந்தது, அங்கும் நின்றது.

இன்று அயோத்திதாசருக்குத் தபால்தலை இருக்கிறது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. கட்சி வேறுபாடு இல்லாமல் பிறந்தநாளில் மாலை விழுகிறது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மனிதரை மீட்டுவிட்டோம், அவர் நடத்திய பத்திரிகையை இன்னும் மீட்கவில்லை. 'தமிழன்' என்றால் அயோத்திதாசரின் கட்டுரைகள் என்றே இப்போது பொருளாகிவிட்டது. அது வாரந்தோறும் அச்சாகி, தபாலில் போய், யாரோ ஒருவர் சத்தமாகப் படிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்ட ஒரு பத்திரிகை. அப்படி ஒரு பத்திரிகை எப்படி எழுந்தது, ஏன் விழுந்தது என்று கேட்காமல் அதை நடத்தியவரை மட்டும் கொண்டாடுவது பாதி மரியாதைதான்.

நான் தங்கவயல்காரன். சாம்பியன் ரீஃப்பில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தேன். தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். எனக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டர் வேலை கிடைத்தது. ஈய எழுத்தைப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கியே என் வாலிபம் போனது. அதனால் 'தமிழன்' இதழைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அதன் தத்துவம் அல்ல, அதன் வரவு செலவு.

அன்றைக்கு ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா. ஆக 64 பிரதி விற்றால்தான் ஒரு ரூபாய். 640 பிரதி விற்றால் பத்து ரூபாய். அதில் காகிதம், மை, கோர்ப்பவர் கூலி, அச்சடிப்பவர் கூலி. தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட அதிக அச்சுகள் வேண்டும். உயிர்மெய்களில் பலவற்றுக்குத் தனித்தனிக் கண்ணறை. பழைய ணை, லை, றா, னா எல்லாம் வேறு தனி வார்ப்பு. கேஸ் நிறைய எழுத்து வாங்கிப் போடுவதே பெரிய முதல். எழுத்து தேய்ந்தால் மறுபடி வாங்க வேண்டும். இத்தனைக்கும் மேலே தபால் செலவு. பைசா விலைக்கு ஒரு வார இதழை நடத்துவது வியாபாரம் ஆகவே முடியாது. யாரோ தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது நடக்கும். அப்படிக் கொடுத்தவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் முன்னால் நின்றார்கள். சுரங்கக் கூலி வாரிக் கொட்டவில்லை, ஆனால் கையில் பணமாக வந்தது. வட ஆற்காட்டில் பண்ணையில் நெல் அளந்து வாங்கியவர்களுக்கு இங்கே சம்பள நாள் என்று ஒன்று இருந்தது. அந்த நாளில் ஒரு பைசாவை எதற்குச் செலவழிப்பது என்று தாங்களே முடிவு செய்ய முடிந்தது. 'தமிழன்' எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மற்ற காரணம் பண்டிதரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1845-ல் சென்னையில் பிறந்தவர், இயற்பெயர் காத்தவராயன். நீலகிரியில் பல ஆண்டு வாழ்ந்தவர், அங்கே 1870-களில் அத்வைதானந்த சபை நடத்தியவர். அதாவது இந்து மதத்துக்குள்ளேயே வழி தேடிப் பார்த்தவர். 1891-ல் திராவிட மகாஜன சபை கண்டார். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்குப் பிரதிநிதியாகப் போனார். கோவில் நுழைவைப் பற்றி அவர் கேட்டதும், உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேறியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்று சபையில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசப் படிப்பும் பயிரிடாமல் கிடக்கும் நிலமும் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாமியை விட்டுக்கொடுத்துப் பள்ளிக்கூடத்தைக் கேட்ட ஒருவர், ஆறே வருடத்தில் வேறொரு சமயத்தைக் கண்டடைந்தார். 1898-ல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு போய் சுமங்கல மகா தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சங்கம். பிறகு கிளைகள்: மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், பெங்களூரு, ஹூப்ளி, திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவில் டர்பன். கூலிக்குப் போன இடமெல்லாம் விகாரையும் போனது. இத்தனை ஊரில் சிதறிக் கிடந்தவர்களை ஒன்றாகக் கட்டுவதற்குத்தான் பத்திரிகை.

அதே சென்னையில் அதே ஆண்டுகளில் 'சுதேசமித்திரன்' நாளிதழாக நடந்துகொண்டிருந்தது. பாரதியின் 'இந்தியா' 1906-ல் தொடங்கியிருந்தது. தமிழ்ப் பத்திரிகை வரலாறு என்று எடுத்தால் இந்த இரண்டுக்கும் அத்தியாயம் அத்தியாயமாக இடம் உண்டு. இராயப்பேட்டைப் பத்திரிகைக்கு வெகுகாலம் ஒரு வரிகூட இருந்ததில்லை.

இதழில் என்ன இருந்தது? அரசியல் இருந்தது: பள்ளிக்கூடம், நிலம், குடிதண்ணீர்க் கிணறு, அரசு வேலையில் எல்லாச் சாதிக்கும் பங்கு, கிராமத்துக் கணக்கன் செய்யும் கொடுமை. சமயம் இருந்தது: புத்தர் சரிதம் 'ஆதிவேதம்' என்ற தொடராக வந்தது. இலக்கியம் இருந்தது: திருக்குறளுக்குப் பௌத்த நோக்கில் உரை. வரலாறு இருந்தது: 'இந்திரர் தேச சரித்திரம்'. பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை விட மறுத்ததால்தான் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவருடைய அடிப்படை வாதம். வாரந்தோறும் ஏதாவது ஒரு கதையை, ஒரு பழக்கத்தை, ஒரு பண்டிகையை எடுத்து இந்த வாதத்தின் வெளிச்சத்தில் புரட்டிக் காட்டினார்.

தீபாவளியை அவர் எழுதிய விதத்தைச் சொல்ல வேண்டும். நரகாசுரன் கதை அவருக்கு ஒத்துவரவில்லை. பௌத்த மடங்களில் இருந்தவர்கள் விதைகளையும் மூலிகைகளையும் ஆராய்ந்து வந்தார்கள்; அப்படித்தான் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டார்கள்; அதன் குணத்தை அறிந்த அரசன் தன் குடிகளை எல்லாம் தீபவதி என்ற ஆற்றில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் செய்தான்; அந்த நாளே தீபாவளி. கார்த்திகை தீபத்துக்கும் இதேபோல ஆமணக்கெண்ணெய் கண்ட கதை சொல்கிறார். இது வரலாறு ஆகுமா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். சான்று என்று பார்த்தால் நிற்காத இடங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்த இதழைக் கையில் வைத்திருந்த தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அதுவரை தீபாவளி அவனுக்கு யாரோ ஒருவர் யாரோ ஒருவரைக் கொன்ற நாள். இப்போது அவனுடைய முன்னோர் எண்ணெய் கண்டுபிடித்த நாள். மருந்தும் குளியலும் உடல்நலமும் பண்டிகையின் பொருளாகின்றன. கொலை நீங்கி அறிவு வருகிறது. ஒரு வைத்தியர்தான் இப்படி யோசித்திருக்க முடியும்.

வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுதினார்கள். பண்டிதர் பதில் எழுதினார். இந்தக் கேள்வி பதில்தான் இதழின் உயிர்நாடி என்பேன். கேட்டவர்கள் பெரும் படிப்பாளிகள் அல்ல. சடங்கைப் பற்றி, சாதிப் பெயரைப் பற்றி, கேட்ட ஒரு கதையைப் பற்றிக் கேட்டார்கள். தாங்கள் கேட்டது அச்சில் வரும், அதற்குப் பண்டிதர் மரியாதையோடு பதில் சொல்வார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. ஊரில் எதிரே நின்று பேசவே அனுமதி இல்லாதவர்களுக்கு இது சாதாரண விஷயமா?

குறைகளையும் சொல்லாமல் விட முடியாது. ஆங்கில ஆட்சிமீது இதழ் வைத்த நம்பிக்கை இன்று படிக்கும்போது கனமாக இருக்கிறது. சுதேசி இயக்கத்தை அது கடுமையாக எதிர்த்தது, 1911-ல் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டபோது அதைக் கண்டித்து எழுதியது. இதற்காவது நியாயம் புரிகிறது. தண்ணீர் தராதவர்கள் சுயராஜ்யம் கேட்டால் அதை நம்பாமல் இருக்க உரிமை உண்டு. எனக்குப் பொறுக்காதது வேறு. பறையரைப் பூர்வ பௌத்தராக உயர்த்திக் காட்ட, சக்கிலியர், குறவர், தோட்டி வேலை செய்தோர் ஆகியோரோடு அவர்களைச் சேர்த்துப் 'பஞ்சமர்' என்று அழைப்பதைப் பண்டிதர் எதிர்த்தார். அந்த மக்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். சாதியை வேரோடு பிடுங்க வந்த இதழில் அந்தக் கோடு விழுந்திருக்கக் கூடாது. அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் இன்று அந்தப் பக்கங்களைப் படித்துக் கேள்வி கேட்டால், பண்டிதரைக் கும்பிடுகிற நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். காலம் அப்படி என்று தட்டிக் கழிக்க நான் தயாரில்லை. இந்தக் கோடு இதழின் பரப்பையும் குறுக்கியது; கூட வந்திருக்கக்கூடியவர்கள் வெளியே நின்றார்கள்.

இனி விழுந்த கதை.

பண்டிதர் மறைந்தபோது திருக்குறள் உரை பாதியில் நின்றது. அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வாரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டால் ஏறத்தாழ ஏழாண்டில் 350 இதழுக்குமேல். மற்றவர்களும் எழுதினார்கள், தங்கவயலிலிருந்து, பெண்கள் உட்பட, நல்ல எழுத்தாளர்கள் வந்தார்கள். ஆனாலும் தலையங்கம் முதல் சந்தேக விளக்கம் வரை தாங்கியது ஒரே பேனா. மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்திப் பார்த்தார். முடியவில்லை. அப்பாவின் படிப்பு மகனுக்கு வந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன, விகாரைகள் இருந்தன, பத்திரிகைக்கு மட்டும் இரண்டாவது ஆசிரியர் ஒருவரைத் தயார் செய்து வைக்கவில்லை.

1920-களின் நடுவில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் 'தமிழன்' இதழை மறுபடி எழுப்பினார். சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களையும் அந்த வட்டத்தாரின் நூல்களையும் அச்சிட்டது. என் அப்பா சின்னப் பையனாக இருந்து இதழைக் கேட்டது இந்தக் காலத்தில்தான். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் லைன் முனையில் உட்கார்ந்துவிடுவார்கள், படிக்கத் தெரிந்த ஒருவர் நின்றுகொண்டு படிப்பார். நடுவில் யாராவது நிறுத்தி, அந்த வரியை இன்னொரு தடவை படி என்பார்களாம். நிறுத்திக் கேட்கிறவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாதம் எங்கே பிசகுகிறது என்று தெரியும் என்று அப்பா சொல்வார்.

இந்த இரண்டாம் 'தமிழன்' 1930-களின் நடுவோடு நின்றுபோனது. இது நின்றதற்கு ஒருவருடைய மரணம் காரணமல்ல. காலம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1925-ல் பெரியாரின் 'குடிஅரசு' வந்தது. அப்பாதுரையாரே சுயமரியாதை இயக்கத்தோடு நெருக்கமாக நின்றவர். சாதியை எதிர்க்கப் பௌத்தம் எதற்கு, பகுத்தறிவு போதாதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். சுரங்கத்தில் 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. பிறகு செங்கொடிச் சங்கங்கள் வலுத்தன. கூலிக்கும் பாதுகாப்புக்கும் சங்கம், சாதிக்கு எதிராகச் சுயமரியாதை, சட்டசபையில் இடத்துக்கு ஆதிதிராவிடர் அமைப்புகள் என்று வேலை பிரிந்தது. பத்திரிகை ஒருகாலத்தில் ஒன்றாகச் செய்ததை இப்போது மூன்று பேர் தனித்தனியாகச் செய்தார்கள், அதுவும் பலமாகவே செய்தார்கள். சமயத்துக்கு மிஞ்சியது வைகாசிப் பௌர்ணமி ஊர்வலம்.

இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த இயக்கங்கள் எங்களுக்கு நிறையக் கொடுத்தன. ஆனால் அவை கொடுக்காத ஒன்று 'தமிழன்' இதழில் இருந்தது. நீ யார் என்ற கேள்விக்கு, உன்னை ஒடுக்கியவனின் பெயரைச் சொல்லாமலே பதில் சொல்ல அது கற்றுக்கொடுத்தது. புத்தரின் பிள்ளை நீ என்றது. ஒழுக்கத்தோடு இரு, குடிக்காதே, பொய் சொல்லாதே, பிள்ளையைப் படிக்க வை என்று தொடர்ந்து சொன்னது. கோபத்தோடு சேர்த்து ஒரு வாழ்க்கை முறையையும் தந்தது.

இதழ் நின்ற பிறகும் அதன் வாசகர் கூட்டம் இருந்திருக்கும். அதையும் கரைத்தது சட்டம். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். அதே ஆண்டில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு நாகபுரியில் பௌத்தம் தழுவினார். பௌத்தர்களைச் சேர்க்க 1990 வரை ஆனது. நாற்பது ஆண்டுகள்! 1911 மக்கள்தொகைக் கணக்கில் பௌத்தர் என்று பதியுங்கள் என்று பண்டிதர் எழுதி எழுதி வளர்த்த ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு, அந்த ஒரு சொல் கல்வி உதவித்தொகையை இழக்கக் காரணமானது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பா மதம் என்ற இடத்தில் பௌத்தம் என்று எழுதியிருந்தார். உயர்நிலைப் பள்ளியில் உதவித்தொகைக்கு மனு போட்டோம், திரும்பி வந்தது. அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் அல்ல. வழியைச் சொன்னார்: இந்து என்று எழுதிக் கொடுங்கள், அடுத்த மாதமே வரும். அப்பா மேசை ஓரத்தில் நின்று, வெள்ளைத் தாளில், எங்கள் மதம் இந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பணம் வந்தது, நான் படித்தேன். அதற்குப் பிறகு வைகாசிப் பௌர்ணமிக்கு அவர் விகாரைக்குப் போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்டபோது, எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போய் எப்படி நிற்பது, பொய் சொல்லாதே என்பதும் பஞ்சசீலத்தில் ஒன்றுதானே என்றார். பதினாறு வயதில் எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. இப்போது என் பேத்திக்கு இதைச் சொல்லும்போது குரல் உடைகிறது. 'தமிழன்' கற்றுக்கொடுத்த நேர்மையே என் அப்பாவை 'தமிழன்' காட்டிய விகாரையிலிருந்து வெளியே நிறுத்தியது. இப்படி எத்தனை வீடு! 1990-ல் சட்டம் திருந்தியபோது அப்பா இல்லை. மறுபடி பௌத்தர் என்று எழுதப் பழகாத பிள்ளைகளாக நாங்கள் வளர்ந்துவிட்டிருந்தோம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தையும் மூடினார்கள். விகாரைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் பெங்களூருக்கு ரயிலேறினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பழைய இதழ்களைக் காத்தவர்கள் யார்? பெரிய நூலகங்கள் அல்ல. குடும்பங்கள் காத்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-ல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளை வெளியிட்டது, பிறகு மூன்றாவதும் வந்தது. பூர்வ பௌத்தரின் இதழைக் கிறித்தவக் கல்லூரி ஒன்று அச்சில் ஏற்றியது. அந்தத் தொகுதிகள் இல்லையென்றால் இன்று இந்தப் பேச்சே இல்லை. ராஜ் கௌதமன், டி. தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் ஆகியோரின் ஆய்வுகள் எல்லாம் அதற்குப் பின் வந்த விளைச்சல்.

அந்தத் தொகுதிகளை நான் கம்போசிட்டர் கண்ணால் பார்க்கிறேன். அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் சிறிய எழுத்தில் தொகுதி எண், இதழ் எண், தேதி. 1:5, ஜூலை 17, 1907 என்பது போல. ஆய்வாளருக்கு இது வசதி. ஒரு சிந்தனையாளரை உலகுக்கு அறிமுகப்படுத்த அன்று அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் ஜூலை 17-ஆம் தேதி இதழைப் பிரித்தால் முதல் பக்கத்தில் என்ன இருந்தது, அதற்குப் பக்கத்துப் பத்தியில் எது இருந்தது, எந்த ஊர்க் கடிதம் வந்திருந்தது, என்ன விளம்பரம் போட்டார்கள், எந்த இடத்தில் எழுத்து போதாமல் சிறிய பாயின்ட்டில் நெருக்கினார்கள் என்று தொகுதியில் தெரியாது. பத்திரிகை என்பது அந்த அக்கம்பக்கம்தான். கேள்வி கேட்டவர்களும் சந்தா கட்டியவர்களும் கூட்டம் நடந்த செய்தி எழுதி அனுப்பியவர்களும் சேர்ந்ததுதான் 'தமிழன்'. பண்டிதரின் குரல் தனியாக ஒலிக்கிறது. அவருக்குப் பதில் சொன்ன குரல்கள் அமுங்கிப்போயின.

தமிழ்நாடு அரசிடமும் பல்கலைக்கழகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கிடைத்திருக்கும் ஒவ்வொரு இதழையும், அப்பாதுரையார் காலத்து இதழ்கள் உட்பட, பக்கம் பக்கமாக இருந்தபடியே படமெடுத்துப் பொதுவில் வையுங்கள். கறையும் கிழிசலும் அச்சுப்பிழையும் அப்படியே இருக்கட்டும். சக்கிலியரை விலக்கிய வரிகளும் இருக்கட்டும். மறைத்தால் அது பண்டிதருக்கும் அவமரியாதை, அருந்ததியருக்கும் அநியாயம். 1869-ல் வந்த 'சூரியோதயம்' தொடங்கித் தாழ்த்தப்பட்டோர் நடத்திய பழைய இதழ்கள் பலவற்றில் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 'தமிழன்' அந்தக் கதிக்குப் போகாமல் தப்பியது எளிய மனிதர்களால். இனி அந்தச் சுமை அவர்கள்மேல் இருக்கக் கூடாது.

தங்கவயல் கர்நாடகத்தில் இருப்பதைக் காரணம் காட்டி இரண்டாம் காலத்து இதழ்களை இந்தப் பக்கம் அவர்களுடையது என்றும், தமிழில் இருப்பதால் அந்தப் பக்கம் இவர்களுடையது என்றும் விட்டுவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. இரண்டு அரசும் பேசி முடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அங்கே இன்னும் வீடுகளில் கட்டுக் கட்டாகப் பழைய காகிதம் வைத்திருப்பவர்கள் என் வயதுக்காரர்கள். பிள்ளைகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறார்கள், வீட்டை விற்கும்போது காகிதம் எடைக்குப் போகும். தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேரை ஒரு வருடச் சம்பளத்தில் ஒரு கேமராவோடு அனுப்பினால் போதும். பங்காருபேட்டையில் மாறி மாரிக்குப்பம் ரயில் ஏறச் சொல்லுங்கள். உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று ஒவ்வொரு லைனாகப் போய், விகாரையோடு தொடர்புள்ள குடும்பம் எது என்று கேட்கட்டும். காகிதத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டாம்; அங்கேயே படமெடுத்துவிட்டு, உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும்.